குழந்தைய நாரை கொண்டு வருதுங்கற கதை எங்கேர்ந்து வந்துச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மாசம் எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல ஒரு வளைகாப்பு இன்விடேஷன் வந்துச்சு. மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல் எல்லாம் அழகா போட்டு, மேல் மூலையில ஒரு பறவை, அது வாயில ஒரு துணி மூட்டை, மூட்டைக்குள்ள பாப்பா. உடனே எங்க பெரியம்மா வாய்ஸ் நோட்: "ஏன்டா, கொக்கு புள்ளைய தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கே, நல்ல நாள் அதுவுமா இத ஏன் போட்டாங்க?" அதுக்கப்புறம் ஆளாளுக்கு விளக்கம், ஒருத்தர் கிரேக்கம்ங்கறார், ஒருத்தர் எகிப்துங்கறார், ஒருத்தர் கூகுள்ல பாத்தத அப்படியே ஃபார்வர்ட் பண்றார். நான் பறவை பாக்கப் போற ஆளு, பழைய கதைங்க மேலயும் கொஞ்சம் கிறுக்கு உண்டு, அதனால கடைசில எல்லா கேள்வியும் என் தலைக்குத்தான் வந்துச்சு. தனித்தனியா பதில் டைப் பண்ணி கை வலிச்சதுதான் மிச்சம், அதான் மொத்தமா இங்க.

முதல்ல, அது கொக்கா நாரையா?

நாரை. செங்கால் நாரைன்னு நாம சொல்றது. வெள்ளை உடம்பு, றெக்கை ஓரம் மட்டும் கருப்பு, அலகும் காலும் நல்ல சிவப்பு, நின்னா நம்ம இடுப்புக்கு மேல வரும், றெக்கைய விரிச்சா ரெண்டு மீட்டர் கூட போகும். கொக்கு பறக்கும்போது கழுத்த மடக்கி தோளுக்குள்ள இழுத்து வச்சுக்கும், நாரை கழுத்த நேரா நீட்டிக்கிட்டு பறக்கும். தூரத்துல பாக்கும்போது இத வச்சே சொல்லிடலாம்.

இது எந்த ஊர் கதை?

ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து, அப்படியே கிழக்கால போலந்து பக்கம். வட ஐரோப்பாவுல செங்கால் நாரை வீட்டுக் கூரை மேல கூடு கட்ற ஊருங்க எதுவோ அங்கதான் இந்தக் கதை வேர் விட்டிருக்கு. "உலகம் பூரா ஆதி காலத்துலேர்ந்து இருக்கு"ன்னு சில பேர் எழுதறாங்க பாருங்க, அது உண்மை இல்ல. இப்ப உலகம் பூரா தெரியும், அது வேற விஷயம்.

வட ஜெர்மனில நாரைக்கு அடெபார்னு ஒரு பழைய பேர் உண்டு, டச்சுல ஓயிஃபார்ங்கறதும் அதே சொல்லுதான். அதுக்கு "அதிர்ஷ்டத்த சுமந்து வர்றவன்"னு ஜனங்க அர்த்தம் சொல்லிக்குவாங்க, மொழி ஆராய்ச்சி பண்றவங்க நடுவுல அந்த அர்த்தம் சரியான்னு இன்னும் சண்டை ஓடுது. ஆனா ஜனங்க அப்படி நம்பினாங்கங்கறதே நமக்குப் போதும்.

கதை முழுசா எப்படிப் போகும்? நாரை எங்கேர்ந்து பாப்பாவ எடுக்குது?

இதுதான் நல்ல கேள்வி, யாரும் கேக்கறதே இல்ல. இன்விடேஷன்ல இருக்கறது கதையோட பின்பாதி மட்டும்தான், டெலிவரி பார்ட். முன்பாதி என்னன்னா, பொறக்காத குழந்தைங்க எல்லாம் தண்ணில இருக்கு. குளம், கிணறு, ஊத்து, சதுப்பு. ஜெர்மனில எந்த வட்டாரத்துக்குப் போனாலும் "எங்க ஊரு புள்ளைங்க எல்லாம் அந்தக் குளத்துலேர்ந்துதான் வரும்"னு கை காட்ற ஒரு குளமோ கிணறோ இருந்திருக்கு. நாரை அங்க போய் ஒன்ன பொறுக்கி எடுத்து, பறந்து வந்து, புகைபோக்கி வழியா வீட்டுக்குள்ள இறக்கிடும்.

கொலோன் நகரத்துல செயின்ட் குனிபெர்ட் சர்ச்சுக்குள்ள ஒரு கிணறு இருக்கு. அந்தக் கிணத்துக்கு அடியில கொலோன்ல பொறக்கப் போற பாப்பாங்க எல்லாம் மாதாவ சுத்தி உக்காந்திருக்கும், மாதா அதுங்களுக்கு கூழ் ஊட்டி விளையாட்டு காட்டிட்டு இருப்பாங்கன்னு கதை. குழந்தை வேணும்னு நெனைக்கற பொண்ணுங்க அந்தத் தண்ணிய குடிப்பாங்களாம். ஹெஸ்ஸே பக்கம் மைஸ்னர் மலையில ஹோலே அம்மா குளம்னு ஒன்னு, அங்க கிறிஸ்தவத்துக்கு முந்தின ஒரு பாட்டி தெய்வம் குளத்துக்கு அடியில பிள்ளைங்கள வச்சிருக்காளாம். ரெண்டுலயும் பறவையே கிடையாது பாருங்க. தண்ணி மட்டும்தான்.

அதனால என் கணக்கு என்னன்னா, "குழந்தை தண்ணிலேர்ந்து வருது"ங்கறதுதான் அடித்தளம், நாரை அப்புறமா அது மேல வந்து உக்காந்தது. நாரை நாள் பூரா எங்க நிக்கும்? ஈரப் புல்வெளில, குட்டை ஓரத்துல, தவளை தேடிட்டு. சாயங்காலம் எங்க வரும்? உங்க வீட்டு கூரைக்கு. குளத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல தினமும் வாயில எதையாவது கவ்விக்கிட்டு போய்ட்டு வர்ற ஒரு ஆள் கண்ணு முன்னாடியே இருந்தா, கேள்வி கேக்கற நாலு வயசுப் பையன்கிட்ட வேற யார கை காட்டுவாங்க?

நாரை இல்லாத பனிக்காலத்துல பொறக்கற குழந்தைய யாரு கொண்டு வருவா?

சிரிக்காதீங்க, இதுக்கும் பதில் வச்சிருந்தாங்க. பால்டிக் கடல்ல ரூகன் தீவுல கடலோரமா ஒரு பெரிய பாறை இருக்கு, அன்னப் பாறைன்னு பேர். வெயில் காலத்துக் குழந்தைய நாரை கொண்டு வரும், குளிர் காலத்துக் குழந்தைய அன்னம் அந்தப் பாறைலேர்ந்து கொண்டு வரும். ஷிஃப்ட் போட்டு வேலை.

நிஜத்துல நாரை அந்த நேரத்துல ஆப்பிரிக்காவுல இருக்கும். ஆனா அது ரொம்ப நாளைக்கு யாருக்கும் உறுதியா தெரியாது, எங்கயோ ஒளிஞ்சு தூங்குதுன்னு அரிஸ்டாட்டில் காலத்துலேர்ந்தே ஒரு நெனப்பு இருந்துச்சு. 1822-ல வட ஜெர்மனில க்ளூட்ஸ்ங்கற ஊர் பக்கத்துல ஒரு நாரைய சுட்டாங்க, கீழ விழுந்தத பாத்தா அதோட கழுத்துல ஏற்கனவே ஒரு ஈட்டி குத்தி நின்னுட்டிருக்கு. கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் நீளம், ஆப்பிரிக்க மரத்துல செஞ்சது. அங்க யாரோ குத்தி, அத சுமந்துக்கிட்டே அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கு, வந்த இடத்துல இவங்க சுட்டுட்டாங்க, பாவம். இன்னைக்கும் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்துல ஈட்டியோட பாடம் பண்ணி வச்சிருக்காங்க. போட்டோ தேடிப் பாருங்க, மனசு ஒரு மாதிரி ஆயிடும்.

ஏன் நாரை? காக்கா, வாத்து, குருவி எல்லாம் இல்லையா?

காக்காவ நம்பி புள்ளைய யார் கொடுப்பா. சும்மா சொன்னேன். நாரை மனுஷன் பக்கத்துலயே இருக்கற பறவை, அதுவும் வேணும்னே. ஜனங்க பழைய வண்டிச் சக்கரத்த கூரை உச்சில படுக்க வச்சு "வா, வந்து கூடு கட்டு"ன்னு கூப்பிட்டாங்க, கூடு கட்டினா வீட்டுக்கு நல்லது, இடி விழாது, தீ புடிக்காதுன்னு நம்பிக்கை. அதே கூட்டுக்கு வருஷா வருஷம் திரும்பி வரும், குச்சி மேல குச்சி அடுக்கி கூடு பல நூறு கிலோ கனத்துக்குப் போயிடும். அப்புறம் வெள்ளை நிறம், சுத்தம். ஜோடியா நிக்கும். குஞ்சுக்கு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஊட்டும், அதுவும் கூரை உச்சில, ஊரே பாக்கற மாதிரி. குரல் சரியா கிடையாது, அதனால அலகால கட கடன்னு தட்டித்தான் பேசும், ஜெர்மன்ல "கடகட நாரை"ன்னே செல்லப் பேர். காலைல கூரை மேல அந்த சத்தம் கேட்டா குழந்தைங்க எழுந்து ஓடி வந்து "நாரை நாரை எனக்கு ஒரு தம்பி கொண்டு வா, தங்கச்சி கொண்டு வா"ங்கற மாதிரி பாட்டு பாடும். ஜன்னல்ல சர்க்கரை வைக்கற பழக்கமும் உண்டு. நாரை சர்க்கரை தின்னாது, மறுநாள் காணோம்னா எறும்போ அப்பாவோதான்.

ஜூன்ல கல்யாணம், ஒன்பது மாசம் கழிச்சு மார்ச்ல நாரை, மார்ச்ல குழந்தை. இதுதான் காரணம்னு படிச்சேனே?

இந்த ஃபார்வர்ட் எனக்கே நாலு தடவ வந்துடுச்சு. ஜூன் 21 ஒட்டி கோடைத் திருவிழா, அன்னைக்கு ஊருக்கு ஊர் கல்யாணம், கணக்குப் போட்டா மார்ச் கடைசில குழந்தை, கரெக்டா அப்பத்தான் நாரை ஆப்பிரிக்காவுலேர்ந்து திரும்பி வருது, ஆகவே ஜனங்க ரெண்டையும் சேத்துக்கிட்டாங்கன்னு. கேக்க ரொம்ப ஜோரா இருக்கு. நாரை வர்ற நேரம் சரிதான், மார்ச் கடைசி ஏப்ரல்.

ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஜூன் ஜூலைங்கறது அங்க வைக்கோல் புல்லு அறுக்கற சீசன், விவசாயிக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கல்யாணம் பெரும்பாலும் அறுவடை முடிஞ்சு தானியம் வீட்டுக்கு வந்த அப்புறம்தான், இல்லன்னா தவக்காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. நம்மூர்ல தை பொறந்தா வழி பொறக்கும்ங்கற மாதிரிதான், கையில காசு இருக்கறப்பத்தான் கல்யாணம். அதோட அந்தக் காலத்துல ஒரு வீட்டுக்கு ஆறு ஏழு புள்ளைங்க. தலைச்சன் வேணா கல்யாணத் தேதி கணக்குல வரட்டும், மீதி ஆறும் எந்தத் தேதில வந்துச்சு?

ஒரு விஷயம் மட்டும் ஒத்துக்கறேன், சீசன் பாத்து கணக்குப் போடறது மனுஷனுக்கு சகஜம். ஆடி மாசம் புதுப்பொண்ண அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறதுக்கு நம்ம வீட்டுப் பெரியவங்க என்ன காரணம் சொல்வாங்க? ஆடில தங்கினா சித்திரை வெயில்ல குழந்தை பொறக்கும்னு. நாரை வசந்தத்துல வருது, வசந்தம்னாலே எல்லாம் புதுசா பொறக்குதுங்கற பொதுவான உணர்வு இந்தக் கதைக்கு உரமா இருந்திருக்கும், அதுக்கு மேல ஜூன் 21 எல்லாம் பின்னாடி உக்காந்து போட்ட கணக்கு மாதிரிதான் எனக்குத் தெரியுது.

கிரேக்கத்துல ஹீராங்கற தேவி ஒரு ராணிய நாரையா மாத்தினாங்களாமே, அந்த நாரை தன் குழந்தைய தூக்கிட்டுப் போகப் பாத்துச்சாமே?

கதை இருக்கு. குள்ளர் இனத்துல ஒரு அழகி, தெய்வங்கள மதிக்கல, கோவத்துல ஹீரா அவள பறவையா மாத்திட்டா, அவ தன் கைக்குழந்தைய பாக்க திரும்பத் திரும்ப வீட்டு மேல பறந்து வந்தா, ஊர் ஜனங்க கம்பு எடுத்து விரட்டினாங்க. ஆனா அதுல வர்ற பறவை கெரானோஸ். அது நாரை இல்ல, நம்ம வட இந்தியாவுல சாரஸ்னு ஒரு பெரிய பறவை இருக்கே, அந்தக் குடும்பம். கிரேக்கத்துல நாரைக்கு பெலார்கோஸ்னு தனிச் சொல்லே இருக்கு. யாரோ எங்கயோ மொழிபெயர்க்கறப்ப பறவைய மாத்திட்டாங்க, அது இப்ப எல்லா சைட்லயும் காப்பி பேஸ்ட் ஆயிட்டிருக்கு. தவிர அது குழந்தைய கொண்டு வந்து கொடுக்கற கதையே இல்ல, குழந்தைய இழந்த கதை.

எகிப்து?

எகிப்து சித்திர எழுத்துல ஆன்மாவோட ஒரு பகுதிய குறிக்கற "பா"ங்கற சொல்லுக்கு நாரை படம் போடுவாங்க, அது வாஸ்தவம். அங்கேர்ந்து 3000 வருஷம் தாண்டி ஜெர்மன் பாட்டி வாய்க்கு எப்படி வந்துச்சுன்னு யாராலயும் காட்ட முடியல. விட்டுடலாம்.

அப்ப மத்த நாடுகள்ல நாரைக்கு கதையே கிடையாதா?

நிறைய இருக்கு, ஆனா வேற வேற கதை, எனக்கு இந்தப் பறவையில ரொம்பப் புடிச்ச விஷயமே இதுதான். கிரேக்கத்துல வயசான அப்பா அம்மாவுக்கு நாரைப் புள்ளைங்க சோறு ஊட்டும்னு நம்பினாங்க, பெத்தவங்களுக்கு திருப்பிச் செய்யறதுக்கு நாரை பேர்லேர்ந்தே ஒரு வினைச்சொல் உண்டாக்கி வச்சிருந்தாங்க. ஹீப்ருல நாரைக்கு ஹசிதான்னு பேர், அன்புள்ளவ, பக்தியுள்ளவன்னு அர்த்தம் வர்ற வேர்ச்சொல். துருக்கில அது ஹாஜி நாரை, வருஷா வருஷம் தெக்கால போய்ட்டு வருதே, மக்காவுக்குத்தான் போகுதுன்னு மரியாதை. அங்க ஒருத்தர் ஊர் சுத்திட்டே இருந்தா "நாரை பறக்கறத பாத்துட்டியா"ன்னு கேப்பாங்க.

பறவை ஒன்னுதான். அதே சிவப்புக் கால், அதே கடகட சத்தம், அதே கூடு. ஒரு ஊர்ல புள்ளைக் கடமை, ஒரு ஊர்ல யாத்திரை, ஒரு ஊர்ல பிரசவம். அதனாலதான் "நாரை இப்படி இருக்கும், அதனால கதை வந்துச்சு"ன்னு பறவைய மட்டும் வச்சு விளக்கினா எனக்கு ஒப்பறதில்ல. அந்தக் குளத்துக் கதை எங்க ஏற்கனவே இருந்துச்சோ அங்கதான் நாரை பாப்பாவ தூக்குது.

அப்புறம் எப்படி உலகம் பூரா பரவுச்சு?

ஆண்டர்சன். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன், டென்மார்க்காரர், 1838-ல நாரைகள்னு ஒரு சின்னக் கதை எழுதினார். அத குழந்தைக் கதைன்னு நெனச்சு ராத்திரி படிச்சுக் காட்டிடாதீங்க. தெருப் பசங்க கூரை மேல இருக்கற நாரைக் குஞ்சுங்கள கிண்டல் பண்ணி, தூக்குல போடுவோம் வறுத்துடுவோம்னு பாடறாங்க, பீட்டர்னு ஒரு பையன் மட்டும் தப்புன்னு சொல்லி ஒதுங்கிக்கறான். குஞ்சுங்க பெருசானதும் பழி வாங்கணும்ங்குது. அம்மா நாரை சொல்லுது, எனக்கு அந்தக் குளம் தெரியும், அங்கதான் பாப்பாங்க படுத்து கனவு கண்டுட்டு இருக்கு, நல்ல பையன் வீட்டுக்கு தம்பியும் தங்கச்சியும் கொண்டு போவோம், மொதல்ல கிண்டல் பண்ணானே அவன் வீட்டுக்கு, குளத்துல கனவு கண்டுட்டே செத்துப் போன ஒரு பாப்பா இருக்கு, அத கொண்டு போவோம்னு.

எனக்கு மொத தடவ படிச்சப்ப தூக்கி வாரிப் போட்டுச்சு. ஆனா யோசிச்சா, எத்தனையோ குழந்தைங்க பெருசாகாமயே போயிடற காலம் அது, வீட்டுக்கு வீடு அந்த அனுபவம் இருந்திருக்கும், அதையும் நாரை தலையிலதான் கட்டியிருக்காங்க.

அப்புறம் வாழ்த்து அட்டை, சோப்பு விளம்பரம், அமெரிக்காவுக்குப் போன குடியேறிகள், கார்ட்டூன்னு வரிசையா வந்து, தபால்கார தொப்பி மாட்டின நாரை ஆயிடுச்சு. 1941-ல வந்த டம்போ படத்துலயே சர்க்கஸ் மிருகங்களுக்கு நாரைங்கதான் குட்டி டெலிவரி பண்ணும். அந்த வழியிலதான் நம்ம வளைகாப்பு கார்டுக்கும் வந்து சேந்துச்சு, குளம் மட்டும் எங்கயோ நடுவழியில விழுந்துடுச்சு.

சரி, பாப்பாவ நாரை கொண்டு வந்துச்சு. அம்மா ஏன் படுத்த படுக்கையா இருக்காங்கன்னு புள்ளைங்க கேக்காதா?

கேட்டுச்சுங்க. "நாரை அம்மா கால்ல கொத்திடுச்சு"ன்னு பதில். பொய்யின்னா இப்படித்தான், ஒன்னுக்கு முட்டுக் கொடுக்க இன்னொன்னு.

இந்தக் கொத்து இன்னமும் ஆஸ்பத்திரில உயிரோட இருக்கு. பொறந்த குழந்தைக்கு பிடரியில, மயிர் எல்லைக்குக் கீழ, இளஞ்சிவப்பா ஒரு திட்டு இருக்கும், அழுதா இன்னும் செவக்கும். ஜெர்மன்லயும் இங்கிலீஷ்லயும் டாக்டருங்களே அதுக்கு நாரைக் கடின்னுதான் சொல்வாங்க, நாரை கவ்விப் புடிச்ச இடமாம். என் பொண்ணுக்கு இருந்துச்சு, எங்க அம்மா பாத்துட்டு யாரோ கண்ணு வச்சுட்டாங்கன்னு மிளகாய் சுத்திப் போட்டாங்க, டாக்டர் சிரிச்சுக்கிட்டே "ஸ்டார்க் பைட்தாம்மா, ஒன்னும் இல்ல"ன்னார். தோலுக்கு அடியில சின்ன ரத்தக் குழாய் விரிஞ்சிருக்கறதுதான் அது. நெத்தியில கண் இமையில இருந்தா ஒன்னு ரெண்டு வருஷத்துல மங்கிடும், பிடரியில இருக்கறது சில பேருக்கு பெருசானாலும் முடிக்குள்ள மறைஞ்சு அப்படியே இருக்கும்.

குழந்தைங்க நிஜமாவே நம்பினாங்களா?

இதுக்கு வியன்னாவுலேர்ந்து ஒரு சாட்சி இருக்கு. மனநல ஆராய்ச்சி பண்ண டாக்டர் ஃப்ராய்டு 1909-ல ஒரு சின்னப் பையனப் பத்தி எழுதினார், குட்டி ஹான்ஸ்னு பேர் வச்சு. 1906-ல அவனுக்கு தங்கச்சி பொறந்தப்ப மூனரை வயசு. நாரை வரும்னு வீட்ல சொல்லி வச்சிருக்காங்க. காலைல பக்கத்து ரூம்ல அம்மா முனகற சத்தம் கேக்குது, பையன் "அம்மா ஏன் இருமறாங்க?"ங்கறான், கொஞ்ச நேரத்துல அவனே "இன்னைக்கு நாரை கண்டிப்பா வரும்"ங்கறான். ஹால்ல டாக்டர் பைய பாக்கறான், இது என்னன்னு கேக்கறான், பைன்னு சொல்றாங்க, மறுபடியும் "இன்னைக்கு நாரை வருது"ங்கறான். அப்புறம் ரூம்ல ரத்தத் தண்ணி இருக்கற பாத்திரத்த பாத்துட்டு, என் உடம்புலேர்ந்து இப்படி ரத்தம் வராதேன்னு கேக்கறான்.

இருமல், பை, பாத்திரம், எல்லாத்தையும் கோத்துட்டான் பாருங்க. பெரியவங்க மனசு நோகக் கூடாதுன்னு நாரைய மட்டும் விட்டு வச்சிருக்கான். ஃப்ராய்டு சொன்ன பாதி விஷயத்த நான் ஏத்துக்கறதில்ல, ஆனா புள்ளைங்க இந்தக் கதைய நாம நெனைக்கற அளவுக்கு நம்பறதில்ல, நம்பற மாதிரி நடந்துக்குதுங்கன்னு அவர் சொன்னது சரின்னுதான் படுது.

நாரைக்கும் குழந்தைக்கும் சம்பந்தம் இருக்குன்னு புள்ளிவிவரமே இருக்காமே?

இருக்கு! ராபர்ட் மாத்யூஸ்னு ஒருத்தர் 2000-ல 17 ஐரோப்பிய நாடுகள எடுத்து, நாரை ஜோடி எத்தனை, வருஷத்துக்கு பொறக்கற குழந்தை எத்தனைன்னு பக்கத்துல பக்கத்துல போட்டார். போலந்துல 30,000 ஜோடி, பெல்ஜியத்துல ஒரே ஒரு ஜோடி. கணக்குப் போட்டா தொடர்பு 0.62 (ரெண்டும் முழுசா ஒத்துப் போனா 1), இது தற்செயலா வர்ற வாய்ப்பு 125-ல ஒன்னு. பேப்பர் வரைமுறைப்படி பக்காவா பாஸ். அதுக்கு முன்னாடியே 1988-ல மேற்கு ஜெர்மனில நாரையும் கொறஞ்சு பிறப்பும் கொறஞ்சத ஒரே கிராஃப்ல போட்டு நேச்சர் பத்திரிகைல ஒரு நக்கல் கடிதம் வந்துச்சு. ஓல்டன்பர்க்ங்கற ஜெர்மன் ஊர்ல 1930-லேர்ந்து 1936 வரை நாரையும் மக்கள் தொகையும் சேந்து ஏறினதும் புள்ளியியல் பாடத்துல வர்ற பழைய உதாரணம்.

விஷயம் சிம்பிள். பெரிய நாடுன்னா நிலமும் அதிகம் நாரையும் அதிகம், ஜனமும் அதிகம் குழந்தையும் அதிகம். மூணாவதா ஒன்னு பின்னாடி நின்னு ரெண்டையும் ஆட்டி வைக்குது. மாத்யூஸே இத கிண்டலுக்குத்தான் எழுதினார், இத அப்படியே நிரூபணம்னு ஷேர் பண்றவங்கள பாத்தா எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல.

நாரையால நெஜமா ஒரு பாப்பாவ தூக்க முடியுமா?

முடியாது. அதோட எடையே மூணு நாலு கிலோ. பாப்பாவும் அதே மூணு கிலோ. அதுவே தெர்மல்னு சொல்ற சூடான காத்து மேல ஏறறத புடிச்சுத்தான் மெதக்குது, கடல் மேல அந்தக் காத்து கிடைக்காதுன்னு மத்தியதரைக் கடல தாண்டாம ஜிப்ரால்டர் வழியாவும் இஸ்தான்புல் வழியாவும் சுத்திக்கிட்டு போற பறவை. அதுகிட்ட லக்கேஜ் வேற.

குறைஞ்சபட்சம் நல்ல அம்மா அப்பாவாவது?

ஊட்டறதுல குறை வைக்காது. ஆனா சாப்பாடு பத்தாத வருஷம் கூட்டுல இருக்கறதுலயே நோஞ்சானான குஞ்ச தானே கொத்தித் தள்ளிடும், சில சமயம் முழுங்கியும் விடும். கேமரா வச்ச கூட்டுல இத லைவ்ல பாத்துட்டு ஜனங்க பதறிப் போறது உண்டு. ஜோடி மாறாதுன்னு சொல்றதும் பாதி உண்மை, அதுக்கு விசுவாசம் கூட்டு மேல. போன வருஷ ஜோடி லேட்டா வந்தா வேற ஒன்னு உக்காந்திருக்கும்.

நம்ம ஊர்ல புள்ளைங்க கேட்டா என்ன சொல்வாங்க?

"உன்ன தவிட்டுக்கு வாங்கினோம்." இத கேக்காம வளந்த ஆள் யாராவது இருக்கீங்களா? எங்க அக்கா எனக்கு இத சொல்லி ரெண்டு நாள் அழ விட்டிருக்கா, நான் அதே டயலாக்க என் தம்பிக்கு சொன்னேன். குப்பைத் தொட்டில கிடந்த, குறவர்கிட்ட வாங்கினோம்னு அதுல பல வெர்ஷன், சிலது இப்ப யோசிச்சா சொல்லவே கூடாத வெர்ஷன்.

ஆனா தவிட்டுக்கு வாங்கறது வெறும் கிண்டல் இல்ல, சடங்காவே இருந்திருக்கு. ஒரு வீட்ல அடுத்தடுத்து குழந்தை தங்காமப் போச்சுன்னா, அடுத்தது பொறந்ததும் வேற ஒரு அம்மா கையில கொடுத்துட்டு, கொஞ்சம் தவிடு கொடுத்து திருப்பி வாங்குவாங்க. இது எங்க புள்ளை இல்ல, விலைக்கு வாங்கினது, மதிப்பில்லாததுன்னு எமனுக்கு போக்குக் காட்டறது. குப்பையில போட்டு எடுத்தா குப்பன், குப்பம்மா, குப்புசாமி. பிச்சையா வாங்கினா பிச்சை, பிச்சையம்மா. உங்க தாத்தா பாட்டி பேர்ல இருந்தா வீட்ல கேட்டுப் பாருங்க, பின்னாடி ஒரு சாவு இருக்கும். ஆண்டர்சனோட குளத்துல செத்துக் கிடந்த பாப்பா ஞாபகம் வந்துச்சு எனக்கு.

பிரான்ஸ்ல முட்டைக்கோஸ்ல பையன், ரோஜாவுல பொண்ணு. இங்கிலாந்துல கூஸ்பெர்ரி புதருக்கு அடியில. போதும்.

தமிழ்ல நாரைக்கு கதை இல்லையா?

கடிதம் கொண்டு போகும். சத்திமுத்தப் புலவர் மதுரைல குளிர்ல நடுங்கிட்டே செங்கால் நாரைய கூப்பிட்டு பொண்டாட்டிக்கு சேதி சொல்லி அனுப்பற பாட்டு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. அலக, பொளந்த பனங்கிழங்குன்னு சொல்லியிருப்பார். நாரையும் அதோட பேடையும் குமரில குளிச்சுட்டு வடக்க போறதா வரும், வலசைப் பறவைய கவனிச்சுப் பாத்த ஆள்தான் அப்படி எழுத முடியும். அந்தப் பறவையே இந்தியாவுக்கு குளிர்காலத்துல வரும், தமிழ்நாட்டுல அபூர்வமா கண்ணுல படும், இங்க கூடு கட்டாது. கூடு கட்டாத பறவை மேல பிரசவக் கதை எப்படி வரும்?

கூடு கட்ற நாரைங்க கதை வேற. கர்நாடகாவுல மண்டியா பக்கம் கொக்கரே பெள்ளூர்ல ஊருக்குள்ள மரத்துல மஞ்சமூக்கு நாரையும் கூழைக்கடாவும் வந்து முட்டை வைக்கும், அந்த ஊர் ஜனங்க அதுங்கள தாய் வீட்டுக்கு பிரசவத்துக்கு வந்த பொண்ணுங்கம்பாங்க. அசாம்ல இன்னும் ஒரு படி மேல. ஹர்கிலான்னு அஞ்சடி உயர பெருநாரை, வழுக்கைத் தலை, கழுத்துல தொங்கற பை, அழகுன்னு சொல்ல முடியாது, அசிங்கம் புடிச்சதுன்னு கூடு இருக்கற மரத்தையே வெட்டினாங்க. பூர்ணிமா தேவி பர்மன்னு ஒரு உயிரியலாளர் கிராமத்துப் பொண்ணுங்கள சேத்து, கூடு கட்ற சீசன்ல அந்தப் பறவைக்கே வளைகாப்பு மாதிரி சடங்கு நடத்த ஆரம்பிச்சாங்க, பாட்டு, பலகாரம் எல்லாம். 2022-ல ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்போட விருது வாங்கினாங்க.

இத குரூப்ல போட்டதும் பெரியம்மா வாய்ஸ் நோட்: "அப்ப மாசமா இருக்கறது நாரைதான்னு சொல்லு."

ஐரோப்பாவுல இன்னும் நாரை இருக்கா?

மேற்கு ஐரோப்பாவுல நடுவுல கிட்டத்தட்ட போயிடுச்சு. சதுப்ப வடிச்சு வயலாக்கினது, கரண்ட் கம்பி, ஆப்பிரிக்காவுல வறட்சி. பிரான்ஸ்ல அல்சாஸ் மாகாணத்துக்கு அடையாளமே நாரை, அங்க 1974-ல மிஞ்சினது 9 ஜோடி. வளத்து விட்டு வளத்து விட்டு இப்ப நல்லா பெருகியிருக்கு. பிரிட்டன்ல 1416-ல எடின்பரோ சர்ச் மேல கூடு கட்டினதா பதிவு இருக்கு, அதுக்கப்புறம் 2020-லதான் சசெக்ஸ்ல குஞ்சு பொரிச்சுது, நடுவுல 600 வருஷம்.

கடைசியா, வளைகாப்பு கார்டுல நாரை போடலாமா கூடாதா?

தாராளமா போடுங்க, பெரியம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன். டிசைனர்கிட்ட மட்டும் அலக சிவப்பா போடச் சொல்லுங்க, கழுத்த நேரா நீட்டி வைக்கச் சொல்லுங்க. போன தடவ வந்த கார்டுல கழுத்து மடங்கி இருந்துச்சு, பெரியம்மா சொன்னது சரிதான், அது கொக்கு.